சுவில்லி ஆற்றங்கரையில் ஒரு நீராலை

அயர்லாந்துத் தீவின் வடமேற்கு மூலையில் உள்ளது டொனிகால் மாவட்டம். அம்மாவட்டத்தின் பெரிய நகரான லெட்டர்கென்னியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், சுவில்லி ஆற்றின் கரையில், நியூமில்ஸ் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. 'புதிய ஆலைகள்' என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் அங்குள்ள ஆலைக் கட்டடங்களுள் மிகப் பழையது 400 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கூறப்படுகிறது. தானியம் அரைக்கும் ஆலை ஒன்றும், ஆளிச்செடியிலிருந்து லினன் நார் எடுக்கும் ஆலை ஒன்றும் இங்கு ஆற்று நீரின் விசையால் 1980-களின் தொடக்கம் வரை இயங்கி வந்தன. அவை நின்றபின், அதே பத்தாண்டில் அயர்லாந்து அரசின் பொதுப்பணி அலுவலகம் அவற்றை வாங்கிப் பழுது நீக்கியது. அங்குள்ள தானிய ஆலையின் சக்கரம், நாட்டில் இன்றும் சுழலக்கூடிய நீர்ச்சக்கரங்களுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்று.

கோடை மாதங்களில் இங்கு வரும் பயணிகள் பெரும்பாலும் சக்கரத்தைக் கண்டு வியந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஊரக வளர்ச்சியில் ஈடுபாடு கொண்டவர்கள் சக்கரத்தோடு நின்றுவிடலாகாது. நீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய நிலத்தின் வழியே வருகிறது, அதை வரவிடுவதற்கு யார் இசைந்தனர் என்னும் கேள்விகளிலிருந்தே நீராலையின் வரலாறு தொடங்குகிறது.

நீர் வரும் வழி

ஆற்றின் மேற்புறத்தில் குறுக்கே ஒரு தாழ்ந்த தடுப்பணை. அது நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக் கொடுக்கிறது. அங்கிருந்து பிரியும் கால்வாய், ஆற்றைக் காட்டிலும் குறைந்த சரிவில் கரையோரமாக வருகிறது. ஆறு கீழே இறங்கிக்கொண்டே போக, கால்வாய் நீர் உயரத்திலேயே தங்கி நிற்கிறது. ஆலையை அடையும்போது இவ்விரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடுதான் ஆலைக்காரரின் முதல். மதகைத் திறந்தால் நீர் சக்கரத்தின் தொட்டிகளில் விழுந்து, தன் எடையால் அதைச் சுழற்றிவிட்டு, மீண்டும் ஆற்றில் கலக்கிறது. நீர் செலவாவதில்லை, அதன் உயரமே செலவாகிறது.

கணக்கு எளிது. வினாடிக்கு 100 லிட்டர் நீர் 5 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குமாயின், அதில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 4.9 கிலோவாட். சக்கரமும் பல்லிணைகளும் உராய்வில் இழப்பது போக மூன்றில் இரு பங்கு கிடைத்தாலும் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரும். இன்றைய நோக்கில் இது மிகச் சிறிய அளவே. ஆனால் ஒரு மனிதர் நாள் முழுவதும் தொடர்ந்து உழைத்தால் அவரிடமிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு கிலோவாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. கைத்திரிகையில் மாவரைத்த பெண்கள் 30 பேரின் உழைப்பை ஒரு சிற்றோடை செய்தது என்று கொண்டால் நீராலையின் பெருமை விளங்கும்.

சக்கரம் மெதுவாகச் சுழல்வது. நிமிடத்திற்கு எட்டோ பத்தோ சுற்றுகள். அரைக்கும் கல் நிமிடத்திற்கு நூறு சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். இவ்வேகத்தைப் பல்சக்கரங்கள் தருகின்றன. பழைய ஆலைகளில் இரும்புச் சக்கரத்தோடு பொருந்தும் மற்றொரு சக்கரத்திற்கு மரப்பற்களைப் பொருத்துவது வழக்கம். ஏதேனும் சிக்கிக்கொண்டால் மரப்பல் ஒன்று முறியும், இயந்திரம் பிழைக்கும். ஆப்பிள் போன்ற கடின மரங்களில் செதுக்கிய மாற்றுப் பற்களை ஆலைக்காரர் கைவசம் வைத்திருப்பார்.

ஏழாம் நூற்றாண்டுச் சட்டம்

அயர்லாந்தில் நீராலை வெகு பழையது. ஸ்ட்ராங்க்ஃபோர்டு கடற்கழியில் உள்ள நெண்ட்ரம் மடாலயத்தில், கடலின் ஏற்ற இறக்கத்தால் இயங்கிய ஆலை ஒன்றின் எஞ்சிய பகுதிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அதன் மரக்கட்டைகளின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில் அது கி.பி. 619-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது எனத் தெரியவந்தது. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள முல்லின்கர் என்னும் நகரின் பெயருக்கே 'இடப்புறம் சுழலும் ஆலை' என்று பொருள். ஊருக்கு ஆலை பெயர் தந்த இடங்கள் இன்னும் பல உண்டு.

இவற்றினும் வியப்புக்குரியது, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய ஐரிஷ் சட்ட நூல் ஒன்று. ஆலைக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களைப் பற்றியே அது பேசுகிறது. ஒருவர் ஆலை அமைக்க விரும்பினால், இடையிலுள்ள நிலத்தின் உடைமையாளர் தம் நிலத்தின் வழியே நீர் செல்வதைத் தடுக்க இயலாது. ஆனால் அதற்கு ஈடு பெற அவருக்கு உரிமை உண்டு. அவ்வீட்டைப் பொருளாகப் பெறலாம். அல்லது ஆலையில் தம் தானியத்தை அரைத்துக்கொள்ள முறைநாள்களாகப் பெறலாம். கால்வாய்க்காக நிலத்தைத் தந்தவர் ஆலையின் பங்காளி ஆகிவிடுகிறார். நிலம் எடுப்புச் சட்டங்களையும் இழப்பீட்டுத் தகராறுகளையும் நாள்தோறும் கையாளும் அலுவலர்கள் இவ்வேற்பாட்டைச் சற்று நின்று நோக்கலாம். ஒரே முறை தரப்படும் தொகைக்கும், பயனில் தொடர்ந்து கிடைக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாட்டை 1,300 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

அக்காலத்து ஆலைகளுட் பெரும்பாலானவை, படுக்கை நிலையில் சுழலும் சிறு சக்கரம் உடையவை. நெட்டச்சின் அடியில் சக்கரம், உச்சியில் அரைகல், பல்லிணைகளே இல்லை. இதே அமைப்பை நம் நாட்டில் உத்தராகண்ட், இமாசலப் பிரதேசம், ஜம்மு-காஷ்மீர் மலைப்பகுதிகளில் 'கராட்' என்னும் பெயரில் இன்றும் காணலாம். இமயமலைப் பகுதியில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட நீராலை இடங்கள் இருக்கக்கூடும் என மத்தியப் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மதிப்பிட்டுள்ளது. டேராடூனிலுள்ள ஹெஸ்கோ என்னும் தொண்டு நிறுவனம் மரச்சக்கரத்திற்கு மாற்றாக உலோகச் சக்கரத்தையும் உருளைத் தாங்கிகளையும் பொருத்தி அவற்றை மேம்படுத்தியுள்ளது. அயர்லாந்தில் அகழ்வாய்வாளரின் பொருளாகிவிட்ட ஒன்று, இங்கே இன்னும் மாவரைத்துக் கொண்டிருக்கிறது.

மாவும் உமியும்

நியூமில்ஸ் ஆலையில் அரைபட்டவை ஓட்ஸும் பார்லியும். ஈரப்பதம் மிகுந்த அந்நாட்டில் அறுவடையான தானியத்தை அப்படியே அரைக்க முடியாது. மாவு கல்லில் அப்பிக்கொள்ளும். ஆதலால் ஆலையை ஒட்டி ஓர் உலர்த்துஞ் சூளை தேவைப்படுகிறது. துளையிட்ட தளத்தின்மேல் தானியத்தைப் பரப்பி, கீழே தீ மூட்டி, மரத்துடுப்பால் திருப்பித் திருப்பி உலர்த்துவர். அடுத்து, உமி நீக்கும் கற்கள். இவற்றுக்கிடையே உள்ள இடைவெளி ஓட்ஸ் மணியின் நீளத்துக்குச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். மணி செங்குத்தாக எழும்போது உமி வெடித்துப் பிரியும், பருப்பு உடையாது. விசிறிக் காற்றில் உமி பறந்துபோக, பருப்பு மட்டும் இரண்டாவது இணைக் கற்களுக்குச் சென்று மாவாகிறது. பறந்த உமியும் வீணாவதில்லை. அடுத்த மூட்டைக்கான சூளையில் அது விறகாகிறது.

கற்களின் முகத்தில் வெட்டப்பட்ட சால்கள் தேயத் தேய, மேற்கல்லைத் தூக்கிப் புரட்டிப்போட்டு உளிமுனைச் சுத்தியலால் மீண்டும் கொத்த வேண்டும். ஒரு டன் வரை எடையுள்ள கல்லைப் புரட்டுவதும், மீண்டும் அமைக்கும்போது மட்டம் பிசகாமல் நிறுத்துவதும் எளிதன்று. ஆலைக்காரரின் அறிவு விரலில் இருந்தது. விழும் மாவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, கல் நெருங்கியிருக்கிறதா, விலகியிருக்கிறதா, சூடேறியிருக்கிறதா என்று அறிவார். இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாதது. ஆலை நின்று ஒரு தலைமுறை கழிந்தால் அதுவும் மறைந்துவிடும்.

ஆலை ஊருக்குப் பொதுவான நன்மை செய்தது உண்மையே. எனினும் அது எப்போதும் மக்களுடையதாக இருந்ததில்லை. 1609-இல் திட்டமிடப்பட்ட அல்ஸ்டர் குடியேற்றத்தின்போது வடபகுதி நிலங்கள் ஆங்கில, ஸ்காட்டியக் குடியேறிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. நிலக்கிழார்கள் பலர் ஆலை கட்டி, குத்தகைதாரர்கள் அதில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டனர். அரைவைக்குக் கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. வீட்டிலிருந்த கைத்திரிகை ஆலையின் வருவாய்க்கு எதிரியாயிற்று. நீரில் பங்கு பெற்றவரின் ஆலை, வேறிடம் போக இயலாதவரின் ஆலையாக மாறிய கதை இது.

தானியம் வந்தது, ஆலை இல்லை

1845 செப்டம்பரில் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் கண்டது. உருளைக்கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்களைக் காக்க, பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் அமெரிக்காவிலிருந்து ஒரு இலட்சம் பவுண்டு மதிப்புள்ள மக்காச்சோளத்தை வாங்கச் செய்தார். 1846-இன் தொடக்கத்தில் அது வந்து இறங்கியது. மக்காச்சோளம் கருங்கல் போன்ற தானியம். ஓட்ஸுக்கென அமைந்த நாட்டுப்புற ஆலைகளில் அது எளிதில் மாவாகவில்லை. மேற்குப் பகுதியிலோ ஆலைகளே குறைவு. இருமுறை அரைத்தால்தான் உண்ணத்தக்கதாகும் என்ற நிலையில், அரைவைச் செலவும் காலத்தாழ்வும் பற்றி அதிகாரிகளிடையே விவாதம் எழுந்தது. அரைகுறையாக அரைபட்டு, அரைகுறையாக வெந்த உணவை உண்டு மக்கள் வயிற்று நோய்க்கு ஆளாயினர். அதன் மஞ்சள் நிறத்தைச் சுட்டி 'பீலின் கந்தகம்' என்றனர். பஞ்ச நிவாரணம் என்பது மூட்டைகளைக் கப்பலிலிருந்து இறக்குவதோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாதோர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

நிவாரண வேலைகளை நடத்தியது 1831-இல் ஏற்படுத்தப்பட்ட பொதுப்பணி வாரியம். 1847 மார்ச் தொடக்கத்தில் அதன் வேலைத்தலங்களில் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சாலை போட்டும் கல் உடைத்தும் கூலி பெற்றனர். அவ்வாரியத்தின் வழிவந்ததே இன்று நியூமில்ஸ் ஆலையைக் காக்கும் பொதுப்பணி அலுவலகம்.

நாரும் விரலும்

ஆளி ஆலை வேறு உலகம். ஆளிச்செடியை அறுப்பதில்லை, நாரின் நீளம் குறையாதிருக்க வேரோடு கையால் பிடுங்குவர். கட்டுகளைக் குட்டை நீரில் 10 முதல் 14 நாள் வரை ஊறப்போட்டால் தண்டின் பிசின் அழுகிக் கரையும். அந்த நாற்றம் ஊர் முழுவதும் பரவும். குட்டை நீர் ஆற்றில் கலந்தால் மீன்கள் மடியும். ஊறிய தண்டைப் புல்வெளியில் பரப்பி உலர்த்தியபின் ஆலைக்குக் கொண்டுவருவர். அங்கு உருளைகள் தண்டை நொறுக்கும். பிறகு தொழிலாளி ஒரு பிடித் தண்டைக் கையில் பற்றி, வேகமாகச் சுழலும் மரத்தகடுகளின் முன் நீட்டுவார். தகடுகள் சக்கையைத் தட்டி உதிர்க்க, நார் கையில் எஞ்சும்.

நீட்டிய கை சற்று முன்னே போய்விட்டால் விரல்கள் போகும். காற்றெல்லாம் தூசு, ஒரு தீப்பொறி பட்டால் கட்டடமே எரியும். 1867-இல் வெளியான 'மூலதனம்' நூலில் கார்ல் மார்க்ஸ் அயர்லாந்தின் இவ்வாலைகளைக் குறிப்பிட்டுள்ளார். கார்க் நகருக்கு அருகே கில்டினன் என்னுமிடத்து ஆலையில் 1852 முதல் 1856 வரை 6 பேர் இறந்தனர், 60 பேர் உறுப்பிழந்தனர் என்றும், சில ஷில்லிங் செலவில் செய்திருக்கக்கூடிய எளிய காப்பினால் இவை அனைத்தையும் தவிர்த்திருக்கலாம் என்றும் அதில் காணப்படுகிறது. பழைய ஆலைகளைப் பற்றிப் பேசுவோர் ஓடும் நீரின் இசையைச் சொல்வதுண்டு. இந்த 60 பேரை அரிதாகவே சொல்கின்றனர். சீரமைத்த ஆலையில் அத்தகடுகள் சுழன்று காட்டப்படும்போது அவற்றின் ஓசை இக்கணக்கையும் நினைவூட்ட வேண்டும்.

ஆலைகள் நின்ற விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கோதுமையும் மாவும் மலிவாக வந்து குவிந்தன. எஃகு உருளைகளால் அரைக்கும் பெரிய ஆலைகள் டப்ளின், கார்க் போன்ற துறைமுகங்களில் எழுந்தன. வெண்மையான மாவைக் கண்ட மக்கள் கல்லில் அரைத்ததை விரும்பவில்லை. ஆற்றோர ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கால்நடைத் தீவனம் அரைப்பதைக் கொண்டு சில தப்பிப் பிழைத்தன. இரு உலகப் போர்களும் அவற்றுக்குத் தற்காலிக வாழ்வளித்தன. முதற் போரில் விமானச் சிறகுகளைப் போர்த்த லினன் துணி தேவைப்பட்டதால் ஆளி விலை ஏறியது. இரண்டாம் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தும் கோதுமை இறக்குமதி சுருங்கியது. அரசு கட்டாய உழவு ஆணை பிறப்பித்தது. 1942-இல் தவிடு நீக்காத முழுக் கோதுமை மாவே ரொட்டிக்கு வழங்கப்பட்டது. உள்ளூர் ஆலைகளின் வாசலில் மீண்டும் வண்டிகள் நின்றன. போர் முடிந்ததும் அவ்வாழ்வும் முடிந்தது. 1946-இல் ஊரக மின்வசதித் திட்டம் தொடங்கிப் பண்ணைதோறும் மின்மோட்டார் வந்தது. செயற்கை இழைகள் லினனின் இடத்தைப் பிடித்தன.

ஆனால் சந்தை மட்டுமே ஆலைகளை நிறுத்திவிடவில்லை. 1945-இல் ஆற்று வடிகால் சட்டம் நிறைவேற்றப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கும் வேளாண் நிலங்களை மீட்க ஆறுகளை ஆழப்படுத்துவதே அதன் நோக்கம். அப்பணி பொதுப்பணி அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நீரைத் தேக்கும் ஆலைத் தடுப்பணைகள் அத்திட்டங்களுக்கு இடையூறாகத் தோன்றியதால் பல ஆறுகளில் அவை அகற்றப்பட்டன. ஆற்றுப் படுகை தாழ்ந்ததும் பழைய கால்வாய்களின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே நின்றுபோயிற்று. அத்தகைய ஆலையின் சுவர்களை எவ்வளவு பணம் செலவிட்டுப் புதுப்பித்தாலும் சக்கரம் சுழலாது. உழவருக்கு வெள்ளம் வடிந்தது நன்மையே; அதை மறுப்பதற்கில்லை. ஒரு துறையின் கணக்கில் வராத இழப்பு மற்றோர் இடத்தில் பதிவாகிறது என்பதையே இது காட்டுகிறது. அணைகளை அகற்றிய அதே அலுவலகம் பின்னர் நியூமில்ஸில் அணையையும் கால்வாயையும் மதகையும் சக்கரத்தையும் ஒருசேரக் காக்கும் பொறுப்பை ஏற்றது.

நீராலையைச் சீரமைப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. நின்ற சக்கரத்தின் அடிப்பகுதி நனைந்தும் மேற்பகுதி காய்ந்தும் இருந்தால் ஒரு பக்கம் கனத்து, மரம் உளுத்து, அச்சு வளையும். அவ்வப்போது சுழற்றினால்தான் சக்கரம் பிழைக்கும். கால்வாயில் ஆண்டுதோறும் வண்டல் வார வேண்டும். வெள்ளம் தடுப்பணையின் கற்களைப் பெயர்த்துவிடும். முன்பு இச்செலவை அரைவைக்கூலி தாங்கியது. இப்போது அரசுக் கருவூலம் தாங்குகிறது.

அண்மைக் காலத்தில் மற்றொரு வழக்கும் எழுந்துள்ளது. கடலிலிருந்து ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்று முட்டையிடும் சால்மன் மீனுக்குத் தடுப்பணை ஒரு தடை. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த நீர் வழிகாட்டு ஆணை, ஆறுகள் இயன்றவரை இயற்கை நிலையில் தடையின்றி ஓட வேண்டும் என வலியுறுத்துகிறது. அயர்லாந்தின் உள்நாட்டு மீன்வள அமைப்பு நாடு முழுவதும் உள்ள ஆற்றுத் தடைகளைக் கணக்கெடுத்து வருகிறது. எவற்றை அகற்றுவது, எவற்றில் மீன் ஏறும் படிகள் அமைப்பது என்பதை ஒவ்வோர் ஆற்றிலும் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது. சுவில்லியும் சால்மன் ஏறும் ஆறுதான். ஏழாம் நூற்றாண்டுச் சட்டத்தில் மேல்நிலத்தாரும் ஆலைக்காரரும் நீரைப் பங்கிட்டுக்கொண்டனர். இன்றைய பங்கீட்டில் மீனுக்கும் ஒரு முறைநாள் ஒதுக்கியாக வேண்டும். மீன்கள் ஏறும் பருவத்தில் கால்வாய்க்கு எவ்வளவு நீர் திருப்பலாம், ஆற்றில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பது மதகுப் பலகையை ஓர் அங்குலம் ஏற்றுவதா இறக்குவதா என்ற அளவுக்கு நுட்பமான கேள்வியாகும்.